தூங்குகிற பூனைகள்

எங்கள் வீட்டுச் சுவரில் இருந்த மிருகங்கள் எல்லாமே தூங்கிக்கொண்டிருந்தன. நாய் தூங்கியது, பூனை தூங்கியது, கூண்டுக்கிளி தூங்கியது. ஒரு கட்டத்தில் யாருடைய முயலோ ஒன்று, அதுகூட முன்னங்கால்களை மடித்து வைத்துக்கொண்டு தூங்கியது. வந்து பார்த்தவர்கள் எல்லாரும் பார்க்கவே எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு மட்டும் சலிப்பாக இருந்தது. எட்டு வயதுப் பிள்ளைக்குத் தூங்குகிற நாயைப் பார்த்துக்கொண்டிருப்பதில் என்ன சுவாரசியம் இருக்கப்போகிறது?

வரைந்தது அத்தை. அப்பாவின் அக்கா. கல்யாணமாகி ரெங்கம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வாழப் போனவள், சில வருடங்களிலேயே ஒரு துணிப்பெட்டியோடு திரும்பி வந்துவிட்டாள். ஏன் வந்தாள் என்று எங்கள் வீட்டில் யாரும் பேசமாட்டார்கள். வந்த மறுவாரமே செனாயில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்துகொண்டாள் என்பதை மட்டும் அப்பா பெருமையாகச் சொல்வார். அங்கே அவளுக்கு ஒரு நாற்காலி, எதிரே ஒரு பூதக்கண்ணாடி. கண்ணாடிக்கு அடியில், மின்சாதனங்களுக்குள் பொருத்துகிற பச்சைத் தகடுகள் வந்துகொண்டே இருக்கும். அவற்றில் கடுகைவிடச் சின்னதாக ஒட்டியிருக்கும் ஈயப் பொட்டுகளில் எது சரியில்லை என்று பார்த்து ஒதுக்குவதுதான் வேலை. காலையில் தொழிற்சாலை பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும், சாயங்காலம் கொண்டுவந்து கொட்டும். இறங்கி வருகிறவள் முகத்தில் ரத்தமே இருக்காது.

அந்த நாற்காலிதான் அத்தைக்கு எல்லாம். ஒருமுறை ஏதோ விசேஷத்துக்கு வந்த அம்மாவின் உறவுக்காரி ஒருத்தி, "நாத்தனார் இன்னும் உங்களோடதானா?" என்று அம்மாவிடம் குசுகுசுவென்று கேட்டாள். குசுகுசு என்று அவள் நினைத்துக்கொண்டாள், கூடத்துக்கே கேட்டது. அத்தை சிரித்துக்கொண்டே தட்டை எடுத்து வைத்துவிட்டு, "நான் என் சோத்த நானே சம்பாரிச்சுத்தான் சாப்பிடுறேன், கவலப்படாதீங்க" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பெரியவர்கள் சிரிக்கும் இடத்தில் சேர்ந்து சிரித்துவிட வேண்டும் என்பது அந்த வயதில் நான் கற்றிருந்த நல்ல பழக்கங்களில் ஒன்று.

எங்கள் வீடு கூலாயில், ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் கடைசிக்கு முந்தியது. பின்கதவைத் திறந்தால் கால்வாய், கால்வாய்க்கு அப்பால் எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம். அந்தச் செம்பனைக் காட்டிலிருந்து என்னென்னவோ வரும். கால்வாயில் ஆள் நீளத்துக்கு உடும்பு நீந்தும். அதை நாங்கள் மலாய்க்காரர்களைப் போலவே பியாவாக் என்போம். கூரைமேல் மரநாய் ஓடும். குரங்குகள் கூட்டமாக வந்து அம்மா காயப்போட்ட மிளகாயைத் தின்று பார்த்துவிட்டுக் கத்திக்கொண்டு ஓடும். விடுமுறை நாட்களில் அத்தை பின்கதவருகே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து அவற்றையெல்லாம் வரைவாள்.

எல்லாம் தீப்பெட்டி அளவுப் படங்கள். பத்து பாகாட் என்கிற ஊரில் சட்டை தைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்த பெரியம்மா, புதுச் சட்டைக்குள் வைத்து மடிக்கிற அட்டைகளில் வீணானவற்றைக் கட்டிக் கொடுத்தனுப்புவார். அத்தை அதைக் கத்தரிக்கோலால் சின்னச் சின்னதாக நறுக்கிக்கொள்வாள். நாளெல்லாம் கடுகளவுப் பொட்டைப் பார்த்துப் பார்த்துக் கண் அதற்கே பழகிவிட்டது, பெரிதாக வரைந்தால் கை எங்கே போவதென்று தெரியாமல் நிற்கிறது என்பாள். அந்தத் தீப்பெட்டிக்குள் முழு மீன்கொத்தியும் இருக்கும், அதன் அலகில் மீனும் இருக்கும், மீனுக்குச் செதிலும் இருக்கும்.

அவள் எப்போதும் கண்ணைத்தான் முதலில் போடுவாள். வெறும் அட்டையின் நடுவே முதலில் ஒரு கறுப்புப் பொட்டு. அது காய்ந்ததும் தையல் ஊசியின் நுனியால் வெள்ளையைத் தொட்டு அதற்குள் ஒரு துளி வெளிச்சம். அவ்வளவுதான், அட்டையிலிருந்து ஏதோ ஒன்று நம்மைப் பார்க்கத் தொடங்கிவிடும். என்ன மிருகம் என்றுகூட இன்னும் தெரியாது, ஆனால் பார்க்கும். அதற்குப் பிறகு அந்தக் கண்ணைச் சுற்றி மெதுவாக முகமும் உடம்பும் வாலும் வந்து சேரும்.

சித்தப்பாவுக்கு இது பெரிய வேடிக்கை. "கோயில்ல செலைக்குக் கண்ணு தொறக்குறது கடைசியிலதான். நீ என்னக்கா எடுத்த எடுப்பிலேயே தொறந்து வச்சிட்டு உக்காந்திருக்க?" என்பார்.

"அது என்னைப் பாக்கலைன்னா எனக்குக் கை ஓடாது தம்பி."

சித்தப்பா யார் என்பதைச் சொல்லியாக வேண்டும். அப்பாவின் தம்பி. வண்ண மீன் விற்றவர், டுரியான் ஐஸ்கிரீம் விற்றவர், அந்தச் சமயம் பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், கைப்பேசி உறை விற்றுக்கொண்டிருந்தவர். எதுவும் உருப்பட்டதில்லை, ஆனால் மனுஷன் அசரவே மாட்டார். அவர்தான் அத்தையின் தீப்பெட்டி நாய் ஒன்றை எடுத்துக்கொண்டுபோய்க் கடையில் தொங்கவிட்டார். ஒரு சீனப் பெண் அதைப் பார்த்துவிட்டு, செத்துப்போன தன் நாயை இதேபோல வரைந்து தரமுடியுமா என்று கைப்பேசியை நீட்டினாளாம். அதைக் கேட்டு இன்னும் மூன்று நான்கு பேர் தங்கள் கைப்பேசியையும் நீட்டினார்களாம். சித்தப்பா அன்றைக்கு வீட்டுக்கு வந்தபோது தரையில் கால் பாவவில்லை. "அலமாக்! அக்கா, கூலாய்ல இவ்ளோ நாய் செத்திருக்கும்னு நான் நெனைக்கவே இல்ல" என்றார்.

அதற்குப் பிறகு நாய்களும் பூனைகளும் வரத் தொடங்கின. எல்லாம் செத்தவை, எல்லாம் சித்தப்பாவின் கைப்பேசியில் மங்கலான படங்களாக. அத்தை வேலை விட்டு வந்து, குளித்து, ஒரு கோப்பை தேநீரைக் குடித்துவிட்டு உட்காருவாள். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, "படத்துல என்ன இருக்குன்னு சொல்லு பாப்போம்" என்பாள். ஒரு காது மடங்கியிருக்கு, நெஞ்சுல வெள்ளை இருக்கு, வாலு சுருட்டியிருக்கு என்று நான் ஒவ்வொன்றாகச் சொல்லுவேன். சரியாகச் சொன்னால் பலே என்பாள். பள்ளிக்கூடத்தில் யாரும் என்னைப் பார்த்துப் பலே சொன்னதில்லை, அதனால் நான் அந்த விளையாட்டுக்காகச் சாயங்காலம் ஆகட்டும் என்று காத்திருப்பேன்.

படத்து மிருகங்கள் எப்போது தூங்கத் தொடங்கின என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. ஒருநாள் ஒரு பழுப்பு நாய், மூக்கை வாலுக்குள் வைத்துச் சுருண்டு படுத்தது. "இது ஏன் தூங்குது?" என்று கேட்டேன். "செத்துப்போச்சுல்ல, தூங்கட்டும் லா" என்றாள் அத்தை. அந்த நாயின் சொந்தக்காரர் ஒரு வயதான சீனர். படத்தை வாங்கிப் பார்த்தவர் கடையிலேயே நின்று அழுதாராம். பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாம் கூடிவிட்டார்களாம். சித்தப்பா ஓடிவந்தார். "அக்கா, தூங்குறதுதான் ஓடுது! இனிமே எல்லாத்தையும் தூங்க வச்சிரு!"

அத்தை சரி என்றாள். அவ்வளவு சுலபமாகச் சித்தப்பாவின் யோசனை எதையும் அவள் ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை.

இன்னொரு மாற்றமும் வந்தது. படங்கள் வளர்ந்தன. தீப்பெட்டி அளவு போய் அஞ்சலட்டை ஆயிற்று, அஞ்சலட்டை போய் பள்ளிப் புத்தகம் ஆயிற்று. பெரியம்மா அனுப்பிய அட்டைகளை இப்போது அத்தை நறுக்குவதே இல்லை, அப்படியே முழுதாக வைத்து வரைந்தாள். ஊசி தையல் பெட்டிக்குள் திரும்பிப் போய்விட்டது. கண்ணிலிருந்து தொடங்குவதும் நின்றுபோய், வாலிலிருந்தோ முதுகிலிருந்தோ ஒரு பெரிய கோடாக இழுப்பாள். வீட்டில் எல்லாருக்கும் ஒரே பூரிப்பு. அத்தை சின்னதிலிருந்து பெரிதுக்கு முன்னேறிவிட்டாள் என்று அப்பா முடிவு கட்டி, பழைய கதவு ஒன்றைச் செதுக்கி அவளுக்கு அகலமாக ஒரு மேசை செய்து கொடுத்தார். "அண்ணிக்குக் கை தாராளமாயிருச்சு" என்றாள் அம்மா. சித்தப்பா பெரிய படத்துக்குப் பெரிய சட்டம் போடலாம் என்று கணக்குப் போட்டார். நாங்கள் எல்லாரும் கொண்டாடிக்கொண்டிருந்தோம்.

கொஞ்ச நாளில் கைப்பேசிப் படங்களைப் பார்த்து வரைவதே அவளுக்குப் பிடிக்காமல் போயிற்று. ரெங்கத்தை வரையத் தொடங்கினாள். தகரக்கூரை போட்ட லயத்து வீடுகள், பனியில் பாதி மறைந்த ரப்பர் மரங்கள், மாரியம்மன் கோயில், சிவப்பு மண் பாதை. அந்தத் தோட்டத்தில் அவள் சந்தோஷமாக இருந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஏன் அதை வரைகிறாய் என்று சித்தப்பா கேட்டதற்கு, "அதுக்கு போட்டோ பாக்க வேணாம்" என்று மட்டும் சொன்னாள். எனக்கு அந்தப் படங்களில் அக்கறையே இல்லை. மனிதர் இல்லை, மிருகம் இல்லை, சொல்லிக் காட்டுவதற்கு ஒரு மடங்கின காதுகூட இல்லை. என் விளையாட்டு பறிபோனதில் எனக்குக் கோபம்தான்.

அப்போதுதான் எதிர்வீட்டு மக்சிக்கின் பூனை செத்தது. மக்சிக் தனியாக இருந்த மலாய்க்கார அம்மா. பிள்ளைகள் இரண்டு பேரும் சிங்கப்பூரில். நோன்புப் பெருநாளுக்குப் பலகாரம் எங்கள் வீட்டுக்கு வரும், தீபாவளிக்கு முறுக்கு அங்கே போகும். அந்தப் பூனை வெள்ளை வெளேரென்று இருக்கும். ஒரு கண் நீலம், ஒரு கண் மஞ்சள். சாயங்காலமானால் கேட்டின்மேல் ஏறி உட்கார்ந்து தெருவில் போகிற வருகிறவர்களையெல்லாம் அந்த இரண்டு நிறத்தாலும் முறைக்கும். யாரோ காரைப் பின்னால் எடுக்கும்போது அது அடியில் இருந்திருக்கிறது. மக்சிக் சரியாகச் சாப்பிடுவதே இல்லை என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள்.

மக்சிக் அத்தையிடம் வந்து படம் கேட்டார். தூங்குகிற படம் வேண்டாம், கண் வேண்டும் என்று மலாயில் திரும்பத் திரும்பச் சொன்னார். "மத்தா டியா, அக்கா. மத்தா டியா." அதன் கண், அதன் கண். அத்தை தலையாட்டினாள். ஆனால் மக்சிக்கிடம் போய்ச் சேர்ந்தது தூங்குகிற பூனைதான். மக்சிக் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் ஒரு டப்பா நிறைய பலகாரத்தோடு படத்தையும் தூக்கிக்கொண்டு திரும்பி வந்து, வாசலிலேயே நின்று, இதன் கண்ணைத் திறந்துவிட முடியுமா என்று கேட்டார். ஏதோ கடன் கேட்க வந்தவர் மாதிரி அவ்வளவு கூச்சப்பட்டுக் கேட்டார்.

அத்தையின் முகம் போன போக்கைப் பார்த்து, அவளுக்குக் கோபம் வந்துவிட்டது என்று நான் பயந்துபோனேன். ஆனால் அவள் மக்சிக்கின் கையைப் பிடித்துக்கொண்டு, "போலே, மக்சிக், போலே" என்றாள். முடியும், முடியும் என்று அதற்கு அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெயில் நன்றாக விழுகிற பின்கதவருகே அத்தை உட்கார்ந்தாள். புது அட்டையில் பூனை உட்கார்ந்திருந்தது, முகத்தில் இரண்டு வெற்றிடங்களோடு. ஊசி திரும்பவும் வெளியே வந்திருந்தது. அவள் அட்டையை மூக்குக்கிட்டே கொண்டுபோனாள், கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்தாள், வெயிலுக்குச் சாய்த்தாள், ஊசியை வைத்தாள். புள்ளி காதில் போய் விழுந்தது. துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தாள், கன்னத்தில் விழுந்தது. நான் களுக்கென்று சிரித்துவிட்டேன். அத்தை சிரிக்கவில்லை. அட்டையை மடியில் வைத்துவிட்டுச் செம்பனையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "பாப்பா, இங்க வா. இத நீ வையேன்" என்றாள்.

"நானா?"

"நீதான். ஒனக்குத்தான் கை நடுங்காதே. நம்மளப் பாத்து உக்காந்தா, நமக்கு வலது கைப் பக்கம் இருந்தது நீலம். இந்தப் பக்கம் மஞ்சள்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு, மூச்சையும் பிடித்துக்கொண்டு, அவள் சொன்ன இடத்தில் நிறம் வைத்தேன், கறுப்பு வைத்தேன், கடைசியில் ஊசி நுனியால் வெள்ளைப் புள்ளியும் வைத்தேன். நீலக் கண் கொஞ்சம் பெரிதாகிவிட்டது, மஞ்சள் கண் கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது. அத்தை கேட்டாள், "பாக்குதா?" நான் பார்த்தேன். பூனையும் என்னைப் பார்த்தது, ஒரு மாதிரி கோணலாக, கேட்டின்மேல் இருந்து முறைப்பதுபோலவே. "பாக்குது அத்தை!" என்று கத்தினேன். மக்சிக் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். பள்ளிக்கூடத்தில் அந்த வாரம் முழுக்க, பூனைக்குக் கண் திறந்தது நான்தான் என்று சொல்லித் திரிந்தேன். அத்தை எனக்கு அவ்வளவு பெரிய மரியாதையைக் கொடுத்திருந்தாள்.

அதற்குப் பிறகு ஒருநாள் அத்தை வேலையிலிருந்து வந்ததும் வராததுமாக அம்மாவிடம் அடுப்படியில் பேசிக்கொண்டிருந்தாள். வருடாவருடம் பூதக்கண்ணாடி லைனில் இருப்பவர்களுக்கெல்லாம் கண் பார்ப்பார்களாம். செனாயில் ஒரு கிளினிக்குக்குப் போக வேண்டும். போன வருடம் அவளோடு பஸ்ஸில் வரும் ஓர் அக்காவுக்குக் கண் சரியில்லை என்று சொல்லிவிட்டார்கள். நாற்காலியிலிருந்து எழுப்பி, பெட்டி கட்டுகிற இடத்தில் நாள் முழுக்க நிற்கவைத்தார்கள். கால் வீங்கி, அந்த அக்கா தானாகவே வேலையை விட்டு நின்றுவிட்டாள்.

"அதுக்கென்ன அண்ணி, உங்களுக்கு முடியலைன்னா வீட்டுல இருங்க. நாங்க பாத்துக்க மாட்டோமா?" என்றாள் அம்மா. அம்மா அதை மனசார, பாசமாகத்தான் சொன்னாள். அத்தை கழுவி வைத்த தட்டையே எடுத்து மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நாளில் எனக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல்தான். தெருமுனையிலேயே கிளினிக் இருந்தது. ஆனால் அத்தை, தானே லீவு போட்டு என்னை செனாய்க்கு அழைத்துக்கொண்டு போவதாகச் சொன்னாள். அங்கே இருக்கிற டாக்டர் பிள்ளைகளுக்குக் கைராசிக்காரராம். "காய்ச்ச அடிக்கிற புள்ளய பஸ்ல போட்டு அவ்ளோ தூரம் ஏன் அண்ணி இழுத்துக்கிட்டு?" என்று அம்மா முணுமுணுத்தாள். அத்தை அதற்குள் என் தலையைச் சீவி, எனக்குச் சட்டை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தாள்.

கிளினிக்கில் கூட்டம். நடைவழியின் கோடியில், சுவரில் ஓர் அட்டை மாட்டியிருந்தது. மேலே பெரிதாக ஓர் எழுத்து, கீழே வரவர எழுத்துகள் சிறுத்துக்கொண்டே போயின. அத்தை என்னை அதற்கு நேராக இருந்த நாற்காலியில் உட்காரவைத்தாள். "ஒனக்கு ஆங்கில எழுத்தெல்லாம் முழுசா தெரியாதுன்னு ஒங்க அம்மா சொன்னாளே?" என்றாள். எனக்கு வந்ததே ஆத்திரம். காய்ச்சல் எல்லாம் பறந்துபோய், எழுந்து உட்கார்ந்து மேலிருந்து கீழ்வரை கடகடவென்று படித்துக் காட்டினேன். அத்தை நம்பவில்லை, மறுபடியும் படிக்கச் சொன்னாள். நான் ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்ல, அவள் உதட்டுக்குள் அதையே சொன்னாள். "பாட்டு மாதிரி இருக்குல்ல?" என்றாள்.

பாட்டேதான் ஆகிவிட்டது. திரும்பி வரும் பஸ்ஸில் பாடினோம். வீட்டில் அவள் துணி மடிக்கும்போது பாடினோம். முதல் வரி ஒற்றை எழுத்து, அடுத்த வரி இரண்டு எழுத்து என்று தாளம் தட்டிக்கொண்டு பாடினோம். நான் எங்கேயாவது தடுமாறினால் அவளே எடுத்துக்கொடுப்பாள். பிறகு அவளே ஒரு புது விளையாட்டைக் கண்டுபிடித்தாள், பின்னாலிருந்து முன்னால் சொல்ல வேண்டும். அது கஷ்டமாக இருந்தது. அவள் விடவில்லை. சோறு பிசைந்துகொண்டிருப்பாள், திடீரென்று "நாலாவது வரி, தலைகீழா!" என்பாள். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சொல்லி முடித்துவிட்டுச் சிரிப்போம். அத்தை அவ்வளவு விளையாட்டுப்பிள்ளையாக அதற்கு முன்னால் இருந்ததில்லை. கோபமெல்லாம் மறந்து நான் அவளை மன்னித்துவிட்டேன்.

கண் பார்க்கிற நாள் பள்ளி விடுமுறையில் வந்தது. என்னையும் அதே கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஒருத்தர் பின் ஒருத்தராகத் தொழிற்சாலைப் பெண்கள் எழுந்து போய் வந்தார்கள். அத்தையின் முறை வந்ததும் என் கையை விட்டுவிட்டுப் போனாள். அவள் உள்ளங்கை வேர்த்திருந்ததால் என் கையும் ஈரமாகிவிட்டது. மிசி, அதாவது அங்கே இருந்த நர்சு, ஒரு கறுப்புக் கரண்டியைக் கொடுத்து ஒரு கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். அத்தை படித்தாள். எங்கள் பாட்டை, ராகம் இல்லாமல், மெதுவாக, யோசித்து யோசித்துப் படிப்பவள் மாதிரி. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு மறு கண். மிசி குச்சியால் அட்டையைத் தட்டி, இந்தத் தடவை வலமிருந்து இடமாகப் படிக்கச் சொன்னார். அத்தை கொஞ்சம் நின்றாள். அவள் தொடையில் விரல் தாளம் போடுவதை நான் பார்த்தேன். பிறகு தலைகீழாகச் சொன்னாள், ஒரு எழுத்துகூடப் பிசகாமல். எனக்கு எழுந்து கைதட்ட வேண்டும்போல இருந்தது.

இப்போது நான் ஜோகூர் பாருவில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். விடிவதற்கு முன்னால் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய், பாலத்தில் நின்று நின்று திரும்பி வருகிறேன். அத்தை என்னோடு இருக்கிறாள். கதவு திறக்கும் சத்தம் கேட்டதும், "இன்னைக்கு என்ன பாத்த?" என்று கேட்பாள். பெரும்பாலும், "ஒண்ணும் இல்ல அத்தை" என்பேன். சொல்வதற்கும் உடம்பில் தெம்பு வேண்டுமே. என்றைக்காவது ஒரு நாள், பாலத்துக் கம்பியில் ஒரு மீன்கொத்தி உட்கார்ந்திருந்தது என்பேன். என்ன நிறம், எந்தப் பக்கம் திரும்பியிருந்தது, அலகில் ஏதாவது இருந்ததா என்று கேட்டுக்கொண்டே மேசைமேல் விரலால் எதையோ கீறுவாள். அத்தைக்கு இருந்த இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், கண்ணையும் பறிக்கும் என்பது எங்களுக்குத் தெரிந்தபோது டாக்டர்கள் செய்வதற்கு அதிகம் மிச்சம் இல்லை. கண் மங்கிக்கொண்டு வருவது அவளுக்கு முன்னாலேயே தெரியும். அந்த வருடமே தெரியும். பூதக்கண்ணாடி எதையும் பெரிதாக்கிக் காட்டும் என்பதால் நாற்காலியில் எப்படியோ ஓட்டியிருக்கிறாள், அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் ஓட்டினாள். ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று ஒருமுறை கேட்டேன். "சொன்னா எந்திரிக்கச் சொல்லிடுவாங்க லா" என்றாள். தொழிற்சாலை நாற்காலியிலிருந்து எழுந்திரிக்கச் சொல்வதைச் சொன்னாளா, எங்கள் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டின் முன்னாலிருந்து என்று சொன்னாளா, நான் கேட்கவில்லை. எனக்கு அசதியாக இருந்தது, அவளுக்கும்தான்.

அன்றைக்குக் கிளினிக்கை விட்டு வெளியே வந்ததும் அத்தை நடைபாதையிலேயே என்னைத் தூக்கிச் சுற்றினாள். அவ்வளவு பெரிய பிள்ளையை! பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் ஐஸ் காச்சாங் வாங்கினாள். சிவப்பும் பச்சையுமாகச் சர்க்கரைப்பாகு ஊற்றிய ஐஸ் மலை. அம்மா அவளுக்கு இனிப்பே கொடுக்க மாட்டாள், ஆனால் அத்தை அன்றைக்கு எனக்குப் போட்டியாகச் சாப்பிட்டாள். இரண்டு பேர் நாக்கும் சிவந்துபோயிற்று. நாக்கை நீட்டிக் காட்டிச் சிரித்தோம். வீட்டுக்குப் போனதும் சித்தப்பாவுக்கு ஒரு பெரிய படம் வரைந்து தரப்போவதாகச் சொன்னாள், சுவரை அடைக்கிற மாதிரி.

பிறகு சாலையோரம் வந்து பஸ்ஸுக்கு நின்றோம். வெயில் சுள்ளென்று அடித்தது. தூரத்தில் ஒரு பஸ் வந்தது.

"பாப்பா, அது என்ன பஸ்? படி பாப்போம்."

"எழுதியிருக்குல்ல அத்தை, இவ்ளோ பெருசா!"

"நீ படியேன். நீதான் நல்லா படிப்பியே."

எனக்கு அலுத்துவிட்டது. பாட்டு முடிந்துவிட்டது, மிசி முன்னாலும் ஜெயித்துவிட்டோம், இன்னும் என்ன விளையாட்டு? நெற்றியில் அந்தப் பஸ் சுமந்து வந்த எழுத்துகள் ஒவ்வொன்றும் என் கையளவு இருக்கும். "கூலாய்!" என்று கத்தினேன். அத்தை கையை நீட்டிப் பஸ்ஸை நிறுத்தினாள். படியில் ஏறும்போது என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தேறிவிட்ட சந்தோஷத்தில் பிடிக்கிறாள் என்று நினைத்தேன். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. இறங்கி வீடு போய்ச் சேரும்வரை அவள் கையை எடுக்கவே இல்லை, நானும் பெருமையாக, அவளுக்கு ஒரு படி முன்னால் நடந்தேன்.